கோவையிலிருந்து புனே: இரண்டு சின்னக் குழந்தைகளோடு குடிபெயர்வது பற்றி, போனவர்கள் சொல்லுங்களேன்

பீளமேடு அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக்காரருக்கு புனே பக்கம் சாக்கனில் வேலை உறுதியாகிவிட்டது. இங்கே பம்பு கம்பெனியில் டிசைன் பார்க்கிறார், அங்கே கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி. சம்பளம் நல்ல உயர்வு. ஏப்ரலில் வந்து சேரச் சொல்கிறார்கள்.

பெரியவள் இப்போது யூகேஜி, வருகிற செப்டம்பரில் 6 வயது முடியும். சின்னவனுக்கு ஒன்றரை வயது. நான் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். மாமியார் எங்களோடு இருக்கிறார், ஆனால் கோவையை விட்டு வருவதற்கில்லை என்று சொல்லிவிட்டார். பக்கத்திலேயே நாத்தனார் வீடு இருப்பதால் அதைப் பற்றிக் கவலை இல்லை. இந்தி பிரவேசிகா வரை பரீட்சை எழுதியிருக்கிறேன், ஆனால் கடையில் நின்று பேச வாய் வராது.

வீட்டில் இப்போது இரண்டு கட்சி. அவர் முன்னால் போய் எல்லாம் சரிசெய்யட்டும், நாலு மாதம் கழித்து நீ பிள்ளைகளோடு போ என்கிறார் என் அப்பா. எனக்கு அதில் மனசில்லை. பள்ளி, வீடு, கார், ரேஷன் கார்டு, காஸ் என்று எதிலிருந்து ஆரம்பிப்பது என்றும் தெரியவில்லை. அனுபவப்பட்டவர்கள் வழி சொல்லுங்கள்.

ரயில்வே தாத்தா:

அம்மா, உங்கள் அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. குண்டக்கல், சோலாப்பூர், ஹூப்ளி என்று மாற்றலாகிப் போனவன் நான். ஒவ்வொரு தடவையும் நான்தான் முதலில் போவேன். தண்ணீர் எப்படி, டாக்டர் எங்கே, பால் எங்கே கிடைக்கும் என்று பார்த்து வைத்த பிறகுதான் குடும்பத்தை அழைப்பேன். சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு தெரியாத ஊரில் போய் இறங்கி வீடு தேடுவது சிரமம்.

இரண்டு பிள்ளை அம்மா:

தாத்தா, உங்கள்மேல் மரியாதை வைத்தே மறுத்துப் பேசுகிறேன். அப்போது உங்களுக்கு ரயில்வே குவார்ட்டர்ஸ் கிடைத்திருக்கும். பக்கத்து வீட்டிலும் இன்னொரு ரயில்வே குடும்பம் இருந்திருக்கும். இங்கே நிலைமை வேறு.

அவர் முன்னால் போனால் வேலை முடிந்து களைத்து வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அவசரமாக ஒரு வீடு பிடிப்பார். அது அவருடைய ஆபீசுக்குப் பக்கமாக இருக்கும். அந்த வீட்டில் பகல் முழுக்க இருக்கப்போவது இவரும் குழந்தைகளும். கீழே விளையாட இடம் உண்டா, தள்ளுவண்டி போகும்படி நடைபாதை உண்டா, குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஆட்டோவில் போகும் தூரத்தில் மருத்துவமனை உண்டா என்று அவர் பார்க்கமாட்டார். அக்கறை இல்லாமல் இல்லை, அவருக்கு அந்த நேரம் அங்கே வேலை இருக்காது. இங்கே இவர் பள்ளிக்கும் போய், இரண்டு பிள்ளைகளையும் பார்த்து, வீட்டையும் தனி ஆளாக மூட்டை கட்ட வேண்டும். நாலு மாதம் என்பது எட்டு மாதமாக இழுத்த குடும்பங்களை எனக்கே தெரியும். ஒன்றரை வயதுக் குழந்தை அப்பாவை வீடியோவில் பார்த்து வளரும்.

சேர்ந்து போங்கள் என்பதுதான் என் கருத்து.

பிம்ப்ரிவாசி:

பீளமேடு சகோதரி, நான் பிம்ப்ரி-சிஞ்ச்வட் பக்கம்தான் குடியிருக்கிறேன், எனக்கும் வேலை சாக்கன் எம்ஐடிசி தொழிற்பேட்டையில்தான். இரண்டு பேர் சொல்வதற்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. பிப்ரவரியில் நீங்களும் அவரும் மட்டும் ஒரு நாலைந்து நாள் வந்து பாருங்கள். பிள்ளைகளை மாமியாரிடமும் நாத்தனாரிடமும் விட்டுவிட்டு வரலாம். வார நாளில் வாருங்கள், அப்போதுதான் பள்ளி திறந்திருக்கும், போக்குவரத்தும் உண்மையாகத் தெரியும்.

முதலில் பள்ளியைப் பாருங்கள். பள்ளி முடிவானபின் அதற்கு நடக்கும் தூரத்தில் வீடு. அவர் ஆபீஸ் எவ்வளவு தூரம் என்பது மூன்றாவது. நாசிக் பாட்டாவிலிருந்து மோஷி வழியாக சாக்கன் போகும் நெடுஞ்சாலை காலையும் மாலையும் லாரிகளால் நிரம்பி நிற்கும். பக்கத்தில் மோஷியில் வீடு எடுத்தாலும் அந்த நெரிசலில் அவர் நிற்கத்தான் போகிறார். ஆனால் இங்கே பெரும்பாலான கம்பெனிகள் பஸ் விடுகின்றன, அதில் ஏறி உட்கார்ந்துவிடுவார். பெரியவளுக்கு உடம்பு சரியில்லை, வந்து கூட்டிப்போங்கள் என்று பள்ளியிலிருந்து போன் வந்தால், இடுப்பில் சின்னவனோடு ஓட வேண்டியவர் நீங்கள். அந்தத் தூரம்தான் முக்கியம்.

இடம் என்று பார்த்தால் நிக்டி, ஆகுர்டி, சிஞ்ச்வட், பிம்ப்ளே சௌதாகர். பிம்ப்ரியில் 1954ல் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் மருந்து ஆலை வந்தது, அப்புறம் டெல்கோ (இன்றைய டாடா மோட்டார்ஸ்), பஜாஜ் என்று ஆலைகள் வரிசையாக வந்தன. அப்போதே தென்னிந்தியக் குடும்பங்கள் நிறைய வந்து தங்கிவிட்டன. தேஹு ரோடு, கட்கி ராணுவக் குடியிருப்புப் பக்கமெல்லாம் தலைமுறைகளாகத் தமிழ் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். இட்லி அரிசிக்கும் நல்லெண்ணெய்க்கும் அலைய வேண்டியிருக்காது.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், தண்ணீர். சிறுவாணி குடித்து வளர்ந்தவர்களுக்கு இது பெரிய மாற்றம். பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சி 2019 கடைசியில் ஒருநாள் விட்டு ஒருநாள் விநியோகத்துக்கு மாறியது. கோடையில் பல அடுக்ககங்கள் டேங்கர் வாங்குகின்றன. வீடு காட்டும் புரோக்கரிடம் இதைக் கேட்காதீர்கள். லிப்டில் ஏறும் அம்மாக்களிடமோ வாட்ச்மேனிடமோ கேளுங்கள். மே மாதம் எத்தனை டேங்கர் வருகிறது, காசு மெயின்டனன்ஸில் சேருமா, தனியா? இந்த இரண்டு கேள்விக்குப் பதில் வந்தால் அந்தக் கட்டடத்தின் நிலைமை தெரிந்துவிடும்.

பீளமேடு அம்மா:

பிம்ப்ரிவாசி அண்ணா, மிக்க நன்றி. இவ்வளவு விவரமாக யாரும் சொல்லவில்லை. நாங்கள் சாக்கனிலேயே வீடு பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். மகளுக்கு ஒன்றாம் வகுப்பு கிடைக்குமா, இல்லை மறுபடியும் யூகேஜியா? கேந்திரிய வித்யாலயாவும் யோசித்தோம்.

ஹைதராபாத் அப்பா:

வயதுக் கணக்கை நான் சொல்கிறேன், இதில் நிறையப் பேர் இடறுகிறார்கள். தமிழ்நாட்டில் ஜூலை 31க்குள் 5 முடிந்தால் ஒன்றாம் வகுப்பு. மகாராஷ்டிராவில் டிசம்பர் 31க்குள் 6 முடிய வேண்டும். உங்கள் மகளுக்கு செப்டம்பரில் முடிவதால் தடையில்லை. கேந்திரிய வித்யாலயாவில் மார்ச் 31க்கு 6 முடிந்திருக்க வேண்டும், அங்கே இந்த வருடம் ஒன்றாம் வகுப்பு கிடைக்காது. சில சிபிஎஸ்இ பள்ளிகள் தங்களுக்கென்று ஒரு தேதி வைத்திருக்கும், பார்க்கப் போகும்போது கேட்டுவிடுங்கள்.

மொழி பற்றிப் பயம் வேண்டாம். 2020ல் சட்டம் வந்ததிலிருந்து மகாராஷ்டிராவில் எந்தப் போர்டாக இருந்தாலும் மராத்தி படித்தாக வேண்டும். இங்கே தெலங்கானாவில் 2018 சட்டப்படி தெலுங்கு அப்படித்தான். ஆனால் ஒன்றாம் வகுப்பில் எல்லாக் குழந்தையும் எழுத்திலிருந்துதான் தொடங்குகிறது. ஐந்தாம் வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்க்கும் பெற்றோர்தான் திண்டாடுகிறார்கள். குடிபெயர ஒரு நல்ல வயது உண்டென்றால் உங்கள் மகளின் வயதுதான் அது.

இதைவிடத் தலைவலி பெயர். நம் ஊரில் இனிஷியல் போதும். அங்கே விண்ணப்பத்தில் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டம் இருக்கும், ஒன்றைக் காலியாக விட்டால் கணினி ஏற்காது. அலுவலகத்தில் இருப்பவர் தனக்குத் தெரிந்தபடி நிரப்பிவிடுவார். ஒரு இடத்தில் அப்பா பெயர் இரண்டு தடவை வரும், இன்னொரு இடத்தில் ஊர்ப் பெயர் குடும்பப் பெயராகிவிடும், ஆதாரில் வெறும் இனிஷியல் இருக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரை இது தொடரும், பிறகு பாஸ்போர்ட்டில் வந்து இடிக்கும். கிளம்பும் முன்பே இரண்டு குழந்தைகளின் ஆதாரிலும் இனிஷியலை விரித்து அப்பாவின் முழுப்பெயராகப் போட்டுவிடுங்கள். எல்லா இடத்திலும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் அதே பெயர், அதே எழுத்துக்கூட்டல். சேர்க்கைப் படிவத்தை நீங்களே நிரப்பிக் கொடுங்கள், அவர்கள் தட்டச்சு செய்ததை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மகளுக்கு 5 முடிந்துவிட்டதால் ஆதாரில் கைரேகை, கண் பதிவும் கட்டாயம். இரண்டையும் ஒரே தடவையில் முடித்துவிடலாம்.

சேலத்துப் பெண்:

எல்லோரும் வீடு, பள்ளி என்கிறீர்கள். இவருடைய வேலையைப் பற்றி யாருமே கேட்கவில்லையே? நான் கணவர் வேலைக்காக அகமதாபாத் போனவள். எனக்கு அங்கே ஊரும் பிடித்தது, மனிதர்களும் பிடித்தார்கள். ஆனால் காலை எட்டு மணிக்குக் கதவு மூடினால் மாலை ஏழு மணி வரை பெரியவர்கள் குரல் ஒன்று காதில் விழாது. எனக்கென்று ஒரு ரூபாய் சம்பளமும் கிடையாது. அது உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. பீளமேடு அம்மா, அங்கே வேலைக்குப் போகப் போகிறீர்களா, இல்லையா? அதை முடிவு செய்துவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

பீளமேடு அம்மா:

சேலத்துச் சகோதரி, எனக்குத் தூக்கம் வராமல் செய்யும் கேள்வியே அதுதான். போகத்தான் ஆசை. சின்னவனை என்ன செய்வது என்பதில்தான் நிற்கிறது.

இரண்டு பிள்ளை அம்மா:

கணக்கு டீச்சர் என்பது பெரிய பலம். பல தனியார் பள்ளிகளில் டீச்சர் பிள்ளைகளுக்குக் கட்டணத்தில் சலுகை உண்டு. மகளுக்கு இடம் கேட்டுப் போகும்போதே உங்கள் விவரக் குறிப்பையும் கொடுத்துவிட்டு வாருங்கள். இங்கிருந்து கிளம்பும் முன் அனுபவச் சான்றிதழை எந்த வகுப்பு, எந்தப் பாடம் என்ற விவரத்தோடு வாங்குங்கள். சிடெட் (மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுதியிருக்கிறீர்களா? நம் மாநில டெட் தேர்ச்சி தமிழ்நாட்டுக்குத்தான். சிடெட் என்றால் எந்த மாநில சிபிஎஸ்இ பள்ளியிலும் காட்டலாம், ஒரு தடவை தேறினால் ஆயுளுக்கும் செல்லும்.

சின்னவனுக்காக முதல் ஆறு மாதம் வீட்டில் இருந்துவிட்டு, அவனுக்கு இரண்டு வயது ஆனதும் வேலை தேடலாம். அல்லது 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைக் காப்பக வசதி தர வேண்டும் என்று 2017ல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். பெரிய பள்ளி என்றால் நேர்காணலிலேயே இதைக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

கணக்குப்பிள்ளை:

பணத்தையும் காகிதங்களையும் பற்றிக் கொஞ்சம்.

சம்பள உயர்வு என்று சொன்னீர்கள். அதிலிருந்து உங்கள் சம்பளத்தைக் கழியுங்கள். இங்கே சொந்த வீடாக இருந்தால் அங்கே வாடகை, அட்வான்ஸ். வருடத்துக்கு இரண்டு தடவையாவது நாலு பேர் ஊருக்கு வந்துபோகும் செலவு. மகாராஷ்டிரா தொழில் வரி மாதாமாதம் பிடித்து வருடத்துக்கு ரூ.2,500 போகும், அது சின்னத் தொகைதான். இதெல்லாம் போக மிஞ்சுவதுதான் உயர்வு.

சாமான் கொண்டுபோகும் செலவு, புரோக்கர் கமிஷன், முதல் சில வாரம் தங்க கெஸ்ட் ஹவுஸ் ஆகியவற்றைக் கம்பெனியிடம் கேளுங்கள். வேலைக் கடிதத்தில் எழுத்தில் வர வேண்டும், எச்ஆர் வாயால் சொன்னது கணக்கில் வராது. ஒரு வருடத்துக்குள் விலகினால் இந்தப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

வாடகை ஒப்பந்தம் அங்கே லீவ் அண்ட் லைசென்ஸ் என்று போடுவார்கள், பெரும்பாலும் 11 மாதத்துக்கு. தமிழ்நாட்டில் 11 மாதம் என்றால் பலரும் பதிவு செய்யாமல் விடுவார்கள். அங்கே மாதக் கணக்கு எத்தனையானாலும் பதிவு செய்தே ஆக வேண்டும், 1999 வாடகைச் சட்டத்தின்படி அது வீட்டு உரிமையாளர் பொறுப்பு. வீட்டுக்கே ஆள் வந்து கைரேகை வைத்து ஆன்லைனில் பதிவு செய்துதருவார்கள். வெறும் நோட்டரி போதும் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பள்ளி, வங்கி, ஆதார் முகவரி எல்லாவற்றுக்கும் அந்தப் பதிவுப் பத்திரம்தான் கேட்பார்கள்.

கார்: வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அந்த மாநில எண்ணுக்கு மாற்ற வேண்டும். கோவை ஆர்டிஓவில் படிவம் 28ல் தடையின்மைச் சான்று, லோன் பாக்கி இருந்தால் வங்கியின் சம்மதமும் சேர்த்து. அங்கே போய்ச் சாலை வரி கட்டிய பின், இங்கே கட்டிய ஆயுள் வரியில் மீதிக் காலத்துக்கானதைத் திரும்பக் கேட்கலாம், விடாமல் பின்தொடர வேண்டும். அவருடைய கம்பெனிக்கு நாலு மாநிலங்களில் அலுவலகம் இருந்தால், 2021ல் வந்த, எல்லா மாநிலத்திலும் செல்லும் பிஎச் வரிசை எண்ணுக்கே மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது. இன்னொரு மாநிலம் மாறக்கூடும் என்று தோன்றினால் அது நல்லது. பழைய ஸ்கூட்டர் என்றால் விற்றுவிடுவது மேல்.

ரேஷன், காஸ் இரண்டையும் புனேக்கு மாற்றாதீர்கள். மாமியார் இங்கே இருக்கிறாரே. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் 2020 அக்டோபரில் தமிழ்நாடும் சேர்ந்தது, ஆனால் வெளிமாநிலத்தில் பொருள் கிடைப்பது பிஎச்எச் (முன்னுரிமை), அந்தியோதயா கார்டுகளுக்குத்தான். என்பிஎச்எச் (முன்னுரிமை இல்லாத) கார்டுக்கு புனேயில் எதுவும் கிடைக்காது. காஸ் இணைப்பு உங்கள் கணவர் பெயரில் இருந்தால் மாமியார் பெயருக்கு மாற்றிவிட்டு, அங்கே புதிதாக எடுங்கள். அங்கே நிறையக் கட்டடங்களில் குழாய் காஸ் இருக்கிறது. வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8, வீட்டிலிருந்தே அனுப்பலாம்.

சேலத்துப் பெண்:

தடுப்பூசியை விட்டுவிட்டீர்களே. ஒன்றரை வயது என்றால் 16 முதல் 24 மாதத்துக்குள் போடும் டிபிடி பூஸ்டர், இரண்டாவது எம்ஆர் (தட்டம்மை, ரூபெல்லா), போலியோ எல்லாம் இப்போதுதான். கிளம்பும் முன் இங்கேயே போட்டுவிடுங்கள். ஊசி போட்ட மறுநாள் பயணம் வைக்காதீர்கள், காய்ச்சல் வரலாம். அந்த அட்டையைச் சாமான் லாரியில் போட்டுவிடாமல் கைப்பையில் வையுங்கள்.

ரயில்வே தாத்தா:

நான் முதலில் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். இரண்டு பேரும் முன்னால் போய்ப் பார்த்துவிட்டு, பிறகு குடும்பமாகப் போவது என்ற பிம்ப்ரிவாசியின் யோசனை சரி.

பயணத்துக்கு ஒரு தகவல். கோவையிலிருந்து மும்பை லோக்மான்ய திலக் போகும் குர்லா எக்ஸ்பிரஸ் சேலம், பெங்களூரு, சோலாப்பூர் வழியாக புனே போகும். நேர் வண்டி, மாற வேண்டாம். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கும், ஏப்ரல், மே மாதம் என்றால் திறந்த அன்றே போடுங்கள். 5 வயதுக்குக் கீழே இடம் கேட்காவிட்டால் கட்டணம் இல்லை. மகளுக்கு 5 தாண்டிவிட்டது, தனிப் படுக்கை எடுத்துவிடுங்கள், முழுக் கட்டணம் ஆனாலும் பரவாயில்லை.

ஹைதராபாத் அப்பா:

மூட்டை கட்டும் ஆட்களிடம் ஜாக்கிரதை. எங்களுக்கு வந்த ஒரு கம்பெனி போனில் ஒரு தொகை பேசிவிட்டு, லாரி வந்து சேர்ந்தபின் கூடுதல் பணம் கொடுத்தால்தான் இறக்குவோம் என்று வாசலில் நிறுத்திவிட்டது. கையில் அழுகிற குழந்தை, கொடுத்துத்தான் இறக்கினோம். வீட்டுக்கு நேரில் வந்து பார்த்து விலை சொல்கிறவர்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் எண் போட்ட பட்டியல், அதில் இரு தரப்புக் கையெழுத்து, வழிப் பயணக் காப்பீடு, லாரி முழுக்க நமக்கா இல்லை வேறு வீட்டுச் சாமானும் சேர்ந்து வருமா என்பது எல்லாம் எழுத்தில் வேண்டும். சேர்ந்து வருவது மலிவு, ஆனால் என்றைக்கு வந்து சேரும் என்று சொல்ல முடியாது. பிள்ளைகளின் பாய், இரண்டு பாத்திரம், குக்கர், மாற்றுத்துணி, மருந்துகள் உங்கள் கையோடு வரட்டும்.

பீளமேடு அம்மா:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இரவு அவரையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் படித்தோம். பிப்ரவரியில் நாங்கள் இருவரும் போய்வருவது என்று முடிவு. நிக்டி, ஆகுர்டி பக்கம் பள்ளிகளைப் பார்க்கிறோம், என் விண்ணப்பத்தையும் கொடுத்துவிடுகிறேன். அவர் ஏப்ரலில் சேர்ந்து கெஸ்ட் ஹவுஸில் இருப்பார். என் பள்ளியில் பரீட்சைத் தாள் திருத்தி முடிந்ததும் நாங்கள் கிளம்பிவிடுவோம். நாலு மாதம் என்பது சில வாரம் ஆகிவிட்டது, அப்பாவும் சரி என்றுவிட்டார்.

இன்னொரு சந்தேகம். மகள் வீட்டில் தமிழ்தான். வீட்டிலும் இந்தியோ இங்கிலீஷோ பேசுங்கள் என்று பள்ளியில் சொல்வார்களாமே? சின்னவன் இப்போதுதான் ஒவ்வொரு சொல்லாகப் பேச ஆரம்பித்திருக்கிறான். மூன்று நாலு மொழி காதில் விழுந்தால் பேச்சு தாமதமாகாதா?

இரண்டு பிள்ளை அம்மா:

ஆகாது. பல மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை, குழந்தை மருத்துவர்களே இதைச் சொல்கிறார்கள். இரண்டு வயதாகியும் எந்த மொழியிலும் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள், அது எந்த ஊரில் இருந்தாலும் செய்ய வேண்டியதுதான்.

மகள் பள்ளியில் முதல் சில மாதம் வாயே திறக்காமல் இருக்கக்கூடும். என் பெரியவன் அப்படித்தான் இருந்தான். வகுப்பில் ஒரு வார்த்தை கிடையாது, ஆனால் சாயந்திரம் கீழே மணலில் விளையாடும்போது மராத்தியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். டீச்சரிடம் முதல் நாளே இதைச் சொல்லிவையுங்கள். தண்ணீர் வேண்டும், பாத்ரூம் போக வேண்டும், வயிறு வலிக்கிறது. இந்த மூன்றை மட்டும் இந்தி, மராத்தி இரண்டிலும் சொல்லக் கற்றுக்கொடுத்து அனுப்புங்கள். மற்றதை அவளே பிடித்துக்கொள்வாள். வீட்டில் தமிழை விட்டுவிடாதீர்கள், யார் சொன்னாலும். பாட்டியோடு போனில் பேச அவளுக்கு இருப்பது அந்த ஒரு மொழிதான். எழுதப் படிக்க தமிழ் இணையக் கல்விக்கழகத்தில் மழலைக் கல்விப் பாடங்கள் இலவசமாகவே இருக்கின்றன.

பிம்ப்ரிவாசி:

நீங்களும் பேசத் தொடங்கிவிடுங்கள், தப்பும் தவறுமாகவே. காய்கறிக்காரரிடம் இரண்டு வார்த்தை மராத்தி பேசினால் முகம் மலர்ந்து கொத்தமல்லி சேர்த்துப் போடுவார். பிரவேசிகா வரை படித்திருப்பதால் எழுத்து தெரியும், இந்திக்கும் மராத்திக்கும் ஒரே எழுத்துதான், பஸ் போர்டு எல்லாம் வாசித்துவிடுவீர்கள். மகளின் வீட்டுப்பாடத்தையும் நீங்களே பார்க்கலாம். அந்தப் பரீட்சைகள் இப்போது உதவப்போகின்றன.

பீளமேடு அம்மா:

அண்ணா, கடைசியாக ஒன்று. கிரைண்டரைக் கொண்டுவரலாமா, அங்கேயே வாங்கிக்கொள்ளவா? மாமியார் கொண்டுபோ என்கிறார்.

பிம்ப்ரிவாசி:

கண்டிப்பாகக் கொண்டுவாருங்கள். கோவை கிரைண்டருக்கு ஈடாக இங்கே தேடிப்பிடிப்பது கடினம், கிடைத்தாலும் விலை அதிகம். உருளைக் கற்களைக் கழற்றித் தனித்தனியாகப் பழைய போர்வையில் சுற்றி வேறு பெட்டியில் வையுங்கள், உள்ளேயே விட்டால் குலுங்கிப் பாத்திரம் நெளிந்துவிடும். பட்டியலில் "கிரைண்டர், கல்லோடு" என்று எழுதவையுங்கள். டிசம்பர், ஜனவரியில் இங்கே நல்ல குளிர், மாவு ஒரு ராத்திரியில் பொங்காது. மதியமே அரைத்து, மூடிய ஓவனுக்குள் வைத்தால் காலைக்கு இட்லி ஊற்றலாம். பிப்ரவரியில் எந்தத் தேதி வருகிறீர்கள் என்று எழுதுங்கள். பள்ளிகள் இருக்கும் பக்கம் எது, வீடுகள் இருக்கும் பக்கம் எது என்று ஒரு வரிசை போட்டு அனுப்புகிறேன், அலைச்சல் குறையும்.